பேசும் படத்துக்கு முந்தைய டி.பி.ராஜலட்சுமி

சேலத்தில் சினிமா வரலாறு என்று பேச்செடுத்தால், ஏற்காடு ரோட்டில் இருக்கும் மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவில் ஆரம்பித்து அங்கேயே முடித்துவிடுவார்கள். டி.ஆர்.சுந்தரம் அந்த ஸ்டுடியோவைத் தொடங்கியது 1935-ல். அப்போது தமிழ்ப் படம் வாய் திறந்து நாலு வருஷம் ஆகியிருந்தது. அதற்கு முந்தைய ஊமைப் படக் காலத்தை யாரும் கண்டுகொள்வதில்லை.

டி.பி.ராஜலட்சுமிக்கும் இதே கதிதான். 'முதல் தமிழ் பேசும் படக் கதாநாயகி' என்று ஒரே ஒரு வரி. (போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு மனப்பாடம்!) ஆனால் அதற்கு முன்னால் அவர் ஊமைப் படங்களில் நடித்ததுதான் அதைவிடச் சுவாரசியமான விஷயம்.

1911-ல் திருவையாற்றில் பிறந்தவர். சின்ன வயதிலேயே கல்யாணம், அதுவும் நிலைக்கவில்லை. அப்பாவும் போய்விட, பிழைப்புக்காகத் திருச்சியில் சாமண்ணாவின் நாடகக் கம்பெனியில் சேர்ந்தார். ஊர் ஊராகப் போன அந்தக் கம்பெனிகளுக்கு மைக் கிடையாது. கடைசியில் தரையில் உட்கார்ந்திருப்பவருக்கும் பாட்டு கேட்க வேண்டும். பாட்டு பிடித்தால் கூட்டம் 'ஒன்ஸ்மோர்' கேட்கும். காமர்ஸ் பாஷையில் சொன்னால், நாடக நடிகையின் மொத்த மூலதனமும் குரல்தான்.

அப்படிப்பட்டவர் 1929-ல் 'கோவலன்' என்ற ஊமைப் படத்தில் நடித்தார். பிறகு 'உஷா சுந்தரி'. யோசித்துப் பாருங்கள்... கேமரா முன்னால் எவ்வளவு நன்றாகப் பாடினாலும் ஒன்றும் பதிவாகாது. ஒன்ஸ்மோரும் கிடையாது. பார்க்க வந்தவர்களில் பலருக்கு எழுத்து தெரியாது. அதனால் திரைக்குப் பக்கத்தில் ஒருவர் நின்று, நடுநடுவே வரும் வசன அட்டைகளைச் சத்தமாகப் படித்துக் கதை சொல்வார். ஆக, ராஜலட்சுமியின் வசனம் கொட்டகையில் யாரோ ஒருவரின் குரலில் கேட்கும்! அந்தக் காலத்தில் கொடிகட்டிப் பறந்தவர் யார் என்று பார்த்தால், புதுக்கோட்டையிலிருந்து பம்பாய் போன பயில்வான் ராஜா சாண்டோ. ஊமைப் படத்துக்குத் தேவைப்பட்டது உடம்புதான்.

ஆகவே 'மேடை அனுபவம் இருந்ததால் சுலபமாக சினிமாவுக்கு வந்துவிட்டார்' என்று எழுதுவது சரியில்லை. கையிலிருந்த பெரிய சரக்கை வெளியே வைத்துவிட்டு, முகத்தையும் கையையும் மட்டும் வைத்துப் புதிதாகத் தொழில் கற்க வேண்டியிருந்தது.

1931 அக்டோபர் 31 அன்று 'காளிதாஸ்' வெளியானதும் கணக்கு தலைகீழானது. கதாநாயகன் தெலுங்கில் பேச, ராஜலட்சுமி தமிழில் பேசினார். ஜனங்கள் அதைப் பொருட்படுத்தவே இல்லை. அவர்களுக்கு வேண்டியது பாட்டு! காந்தியையும் ராட்டையையும் பற்றிக்கூட அதில் பாடினார். தூக்கி வைத்த மூலதனம் வட்டியோடு திரும்பி வந்தது.

1936-ல் 'மிஸ் கமலா'வை அவரே எழுதி, தயாரித்து, இயக்கினார். பாட்டு மட்டும் தெரிந்தவரால் இது ஆகிற காரியமா? பேசாமல் கதை சொல்லப் பழகிய அந்த ஊமைப் பட நாட்களுக்கு இதில் பங்கே இல்லை என்று எப்படிச் சொல்வது? படத்தைப் போட்டுப் பார்த்துத் தீர்த்துக்கொள்ளலாம் என்றால் 'கோவலன்', 'காளிதாஸ்', 'மிஸ் கமலா' எதற்குமே இன்று பிரதி இல்லை.