இயற்கை என்னும் சொல்

பாலவாக்கம் போன்ற நெய்தல் நிலத்து ஊர்களில், விற்று எஞ்சிய மீனை உப்பிட்டு வெயிலில் உலர்த்துதல் நெடுங்கால வழக்கம். உப்பும் வெயிலும் மீனிலுள்ள நீரைக் குறைக்கின்றன. நீர் குறைந்த இடத்தில் நுண்ணுயிர் பெருக இயலாது. ஒரு பொருளைக் கெடாமல் காத்தல் என்னும் அறிவு இம்மண்ணுக்குப் புதிதன்று.

அவ்வூர் வழியே செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையின் கடைகளில் இன்று வேறொரு குரல் ஒலிக்கிறது. ‘இயற்கையானது’, ‘வேதிப்பொருள் அற்றது’, ‘பாரபென் இல்லாதது’ எனப் பொறித்த அழகுப் பூச்சுகள் இளைஞரை ஈர்க்கின்றன. பதனப்பொருள் என்றாலே நஞ்சு என்னும் எண்ணத்தை இச்சொற்கள் விதைக்கின்றன. அவ்வெண்ணம் ஆராயத்தக்கது.

நீரும் நுண்ணுயிரும்

வேதிப்பொருள் அற்ற பொருள் உலகில் இல்லை, நீரும் வேதிப்பொருளே. இயற்கையில் விளைந்தவை யாவும் தீங்கற்றவை என்பதும் மெய்யன்று. எருக்கம்பாலும் அரளி விதையும் இயற்கை தந்தவையே. முன்னோர் தேய்த்துக் குளித்த நலங்கு மாவு உலர்ந்த பொடி, நல்லெண்ணெய் நீரற்றது, சந்தனம் வேண்டும்போது இழைக்கப்பட்டது. எனவே, அவற்றுக்குத் தனியே பதனப்பொருள் தேவைப்படவில்லை. கற்றாழைக் கூழோ நீர் மிகுந்தது. கடலோர வெம்மையில், விரலால் தொட்டெடுக்கும் குப்பியில் பாக்டீரியாவும் பூஞ்சையும் விரைந்து பெருகும். சூடோமோனாஸ் என்னும் பாக்டீரியா கலந்த மை, கீறலுற்ற கண்ணில் பட்டால் பார்வைக்கே கேடு நேரலாம்.

அச்சமும் விளைவும்

2004ஆம் ஆண்டு இங்கிலாந்தில் வெளியான ஆய்வொன்று, மார்பகக் கட்டிகளின் 20 திசு மாதிரிகளை ஆராய்ந்து, அவற்றில் பாரபென் இருப்பதைக் கூறியது. அதுவே நோயை உண்டாக்கியது என அவ்வாய்வு நிறுவவில்லை. ஆயினும் அச்சம் பரவியது. நிறுவனங்கள் மாற்றுப் பதனப்பொருள்களை நாடின. அவற்றுள் ஒன்றான மெத்தில்ஐசோதயசோலினோன் ஐரோப்பாவில் பலருக்குத் தோல் ஒவ்வாமையைத் தந்தது. கழுவி நீக்காத பூச்சுகளில் அதனைச் சேர்ப்பது 2017இல் அங்குத் தடைசெய்யப்பட்டது.

பாரபென் வகைகள் அனைத்தும் குற்றமற்றவை என்பதும் இதன் பொருளன்று. மெத்தில் பாரபெனை 0.4 விழுக்காடு வரை ஏற்கும் ஐரோப்பிய ஒன்றியம், பாதுகாப்புக்குப் போதிய தரவு இல்லாத ஐந்து வகைகளை 2014இல் விலக்கியது. எப்பொருள், எவ்வளவு, எவ்விடத்தில் என வினவுவதே அறிவியல் நெறி. ‘இல்லாதது’ என்னும் ஒரு சொல் அவ்வினாக்களுக்கு விடையாகாது.

தெளிந்து தேர்தல்

இந்தியாவில் 1940ஆம் ஆண்டுச் சட்டமும் 2020ஆம் ஆண்டு விதிகளும் அழகுப்பொருள்களை நெறிப்படுத்துகின்றன. சூழல்சார் விளம்பரங்களில் ‘இயற்கை’ போன்ற பொதுச்சொற்களைத் தக்க விளக்கமும் சான்றும் இன்றிப் பயன்படுத்தலாகாது என, மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024இல் வழிகாட்டியுள்ளது. எனினும், சட்டம் ஒவ்வொரு குப்பியின் அருகிலும் நின்று காவல் புரியாது. வாங்குவோரே உட்பொருள் பட்டியல், தயாரித்தவர் முகவரி, தொகுதி எண், பயன்படுத்த வேண்டிய இறுதி நாள் ஆகியவற்றை நோக்குதல் வேண்டும். இவை எவையும் இல்லாத பூச்சு, அண்டை வீட்டில் அன்போடு செய்யப்பட்டதாயினும், ஐயத்திற்குரியதே. புதிய பூச்சை முதலில் முன்கையில் சிறிது தடவிப் பார்த்தல் நன்று.

இயற்கையைப் போற்றுதல் வேறு. அதன் பெயரைச் சொன்ன மாத்திரத்தில் நம்பிவிடுதல் வேறு. குப்பியின் முகப்பிலுள்ள பெரிய எழுத்தோடு நில்லாமல், பின்புறத்துச் சிறிய எழுத்தையும் படிக்கும் பழக்கமே கற்றவர்க்கு அழகு.