குத்தூசியில் சிக்காத புழு

கிள்ளானில் முப்பது ஆண்டுகள் மளிகைக் கடை நடத்தியவர் என் அக்காள் கணவர். சென்ற வாரம் அவரைப் பார்க்கப் போனேன். முகத்தில் அப்படியொரு நிம்மதி.

"புரோஸ்டேட்ல ஒன்னும் இல்லன்னு சொல்லிட்டாங்க தம்பி. பன்னிரண்டு இடத்துல ஊசி விட்டு எடுத்தும் புற்று இல்லையாம். இனி ஆஸ்பத்திரிப் பக்கமே போக மாட்டேன்."

அக்காள் மெதுவாகச் சொன்னார்: "பிஎஸ்ஏ மட்டும் ஏறிக்கிட்டே இருக்காம். மறுபடியும் வரச் சொல்லியிருக்காங்க."

மச்சானிடம் அவர் தொழிலை வைத்தே பேசினேன். "மூட்டையில குத்தூசி விட்டு அரிசி பார்ப்பீங்களே, அதுல புழு வரலைன்னா மூட்டையிலயே புழு இல்லையா மச்சான்?"

சிரித்துவிட்டார். "அப்படிச் சொல்ல முடியாது. புழு சிக்காட்டியும், வர்ற அரிசி நூல் கட்டியிருந்தா உள்ளே இருக்குன்னு தெரிஞ்சிடும்."

அன்பர்களே, மருத்துவ அறிவியல் தேடுவதும் அந்த நூலைத்தான். ஊசி எடுப்பது சுரப்பியின் மிகச் சிறு பகுதி. ஆனால், புற்றுக்கு அருகில் நுண்ணோக்கிக்கு நல்லவையாகத் தெரியும் உயிரணுக்களிலும் மாற்றம் இருக்கக்கூடும். மரபணுவின் எழுத்து மாறுவதில்லை. மெத்தில் என்னும் வேதித்துணுக்கு அதன்மேல் ஒட்டிக்கொண்டு, உடலைக் காக்கும் மரபணுவை உறங்க வைத்துவிடுகிறது. புரோஸ்டேட் புற்றில் ஜிஎஸ்டிபி1 என்ற மரபணு இப்படி அடங்கிப்போவதை 1994இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள்.

2013இல் வெளிவந்த ஆய்வு ஒன்றில், பிரிட்டன், பெல்ஜியம் நாடுகளைச் சேர்ந்த 498 பேரின், 'புற்று இல்லை' என்று முடிவான பழைய திசுக்களில் ஜிஎஸ்டிபி1 உட்பட மூன்று மரபணுக்களைச் சோதித்தார்கள். அடையாளம் இல்லாதவர்களில் 100க்கு 90 பேருக்கு மறு பரிசோதனையிலும் புற்று இல்லை. 10 பேருக்கு இருந்தது. அடையாளம் இருந்தவர்களிலும் பலருக்குப் புற்று இல்லை. ஆகவே இது இறுதித் தீர்ப்பு அல்ல. யாருக்கு மீண்டும் ஊசி வேண்டும், யாரை விட்டுவிடலாம் என்று முடிவெடுக்க ஒரு துணை. மெத்தில் ஒட்டின் அளவை பிஎஸ்ஏ, வயது போன்றவற்றோடு சேர்த்துக் கணக்கிட்டு, மூர்க்கமான புற்றை இனங்காணும் முயற்சியும் பின்னர் நடந்தது.

இந்தச் சோதனை எல்லாருக்கும் தேவைப்படாது. சிலருக்கு எம்ஆர்ஐ போதும். சிலருக்குத் தொடர் கண்காணிப்பு போதும். அதை மருத்துவர் சொல்லட்டும். ஆனால், 'எடுத்த இடத்தில் இல்லை' என்பதை 'எங்கும் இல்லை' என்று நாமே மாற்றி எழுதிக்கொள்ள வேண்டாம்.

நான் கிளம்பும்போது மச்சான் அக்காளிடம் கேட்டார்: "வரச் சொன்னது எந்தத் தேதி?"