குரலைக் கெடுப்பது மென்பொருளா?

விலையுயர்ந்த மென்பொருள் இருந்தால்தான் ஒலிப்பதிவு தரமாக இருக்கும் என்று மாணவர்கள் பலர் நம்புகிறார்கள். நானும் நம்பினேன்.

கடந்த விடுமுறையில், பாடாங் செராய் அருகே தோட்டத்து வீட்டில் பாட்டி பாடிய தாலாட்டை மடிக்கணினியில் பதிவு செய்தேன். மின்விசிறி இரைச்சலும் அறையின் எதிரொலியும்தான் முன்னே நின்றன. ‘இலவச ஆடாசிட்டி இவ்வளவுதான்’ என்று சலித்துக்கொண்டேன்.

பிறகு ஒரு சோதனை செய்தேன். அதே பதிவை ஆடாசிட்டியிலும் நண்பனின் கட்டண மென்பொருளிலும் திறந்து, எதையும் மாற்றாமல் வேவ் கோப்புகளாகச் சேமித்தேன். ஒன்றின் அலையைத் தலைகீழாக்கி, இரண்டையும் ஒன்றாக ஒலிக்கவிட்டேன். வேறுபாடு இருந்தால் அது மட்டும் எஞ்சிக் கேட்கும். காதுக்கு எதுவுமே கேட்கவில்லை.

காரணம் எளிது. ஒலியை எண்களாக்குவது மைக்கும் அதனுடன் சேர்ந்த மின்சுற்றும்தான். குறுந்தட்டுத் தரத்தில் நொடிக்கு 44,100 முறை அளவெடுக்கப்படுகிறது. மென்பொருள் அந்த எண்களை எழுதி வைக்கிறது. எம்பி3 ஆகச் சுருக்கினாலோ, இரைச்சல் நீக்கியை அளவுக்கு மீறிப் பயன்படுத்தினாலோ ஒலி மாறும். அது நாம் கொடுக்கும் கட்டளை.

மறுநாள் விசிறியை நிறுத்தி, சுவரோரம் போர்வைகளைத் தொங்கவிட்டு, மைக்கைப் பாட்டிக்கு ஒரு சாண் தூரத்தில் வைத்தேன். அதே ஆடாசிட்டிதான், குரல் தெளிவாக வந்தது.

தோட்ட மக்கள் கூலிமுக்கும் சுங்கைப்பட்டாணிக்கும் பெயர்ந்துவருகிறார்கள். பால்மரம் சீவியவர்களின் பாட்டுகள் அவர்களோடு மறைந்துவிடக் கூடாது. மென்பொருள் வாங்கப் பணம் சேரட்டும் என்று காத்திருக்காதீர்கள். விசிறியை நிறுத்திவிட்டு, இன்றே பதிவு செய்யுங்கள்.