மூடும் பொத்தான் எங்கே?

செய்தியின் இரண்டாம் பத்தியை எட்டுவதற்குள் விளம்பரம் ஒன்று திரை முழுவதையும் அடைத்துக்கொள்கிறது. அதை மூடும் பெருக்கல் குறியோ கடுகளவு. விரல் சற்றே விலகினாலும் வேறு தளத்துக்கு இழுத்துப் போய்விடும்.

இதற்கு முன்னோடியான, தனிச் சாளரத்தில் குதிக்கும் விளம்பரத்துக்கு 1990களில் நிரல் எழுதிய அமெரிக்கர் ஈதன் ஜுக்கர்மேன், 2014-இல் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார்.

இலவசக் கட்டுரையை எழுதியவருக்கும் சம்பளம் வேண்டும். எல்லா விளம்பரங்களையும் முடக்குவது நியாயமல்ல. ஆனால், ஏமாற்றைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை. செய்திபோல வேடமிடும் விளம்பரங்களை மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் 2023 வழிகாட்டுதல்கள் தடை செய்கின்றன. 1915 என்ற எண்ணில் புகார் செய்யலாம். சஃபாரி, பயர்பாக்ஸ் உலாவிகளின் வாசிப்புப் பயன்முறை கட்டுரையை மட்டும் காட்டும். பிடித்த தளத்துக்குச் சந்தா கட்ட முடிந்தவர்கள் கட்டலாம். பெரிய, தெளிவான மூடும் பொத்தானை வைப்பது தளங்களின் கடமை.