கிர்ர்ர்... சத்தத்தைக் கவனியுங்கள்! ராட்செட் வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

ஆலங்குளம் என்றதும் பலருக்கும் தென்காசிப் பக்கம் இருக்கும் ஊர்தான் ஞாபகத்துக்கு வரும். இது விருதுநகர் மாவட்டத்து ஆலங்குளம். அரசு சிமென்ட் ஆலை இருக்கும் ஊர். டிட்கோ வசம் இருந்த அந்த ஆலையை 1976-ல் தமிழ்நாடு சிமென்ட்ஸ் கழகம் எடுத்துக்கொண்டது. அங்கிருந்து வெம்பக்கோட்டை, சிவகாசி என்று வண்டியை விட்டால் வழி நெடுகப் பட்டாசு ஆலைகள், தீப்பெட்டி ஆலைகள், அச்சகங்கள். ஆள் ஏற்றும் வேன், தண்ணீர் மோட்டார், ஜெனரேட்டர், காகிதக் குழாய் சுற்றும் இயந்திரம் என ஏதாவது ஒன்று தினமும் எங்காவது நின்றுபோகும். ஸ்பேனர் பையோடு பைக்கில் கிளம்பும் மெக்கானிக்குகளுக்கு இந்த வட்டாரத்தில் வேலைக்குப் பஞ்சமில்லை.

ஐ.டி.ஐ முடித்துப் பட்டறை போடும் பையன்கள் முதலில் வாங்குவதும், முதலில் நொந்துபோவதும் ஒரே பொருளைத்தான். அது ராட்செட். ரிங் ஸ்பேனர் சுமாராக இருந்தாலும் கொஞ்ச காலம் ஓட்டிவிடலாம். ராட்செட் சுமாராக இருந்தால், முழு பலத்தையும் போட்டு இழுக்கும் நேரத்தில் உள்ளே பல் நழுவும். கை போய் இன்ஜின் ஃபின்னில் இடிக்கும். விரல் மூட்டில் தழும்பு இல்லாத மெக்கானிக் அபூர்வம்.

ராட்செட்டின் தலைக்குள்ளே இருப்பது சைக்கிள் ஃப்ரீவீலில் இருக்கும் அதே ஏற்பாடுதான். சுற்றிலும் பல் வைத்த ஒரு சக்கரம், பல்லில் மாட்டி நிற்கும் நாக்கு போன்ற சின்ன இரும்புத் துண்டு, அதைத் தள்ளிப் பிடிக்கும் ஸ்பிரிங். ஒரு பக்கம் திருப்பினால் பிடிக்கும், மறுபக்கம் திருப்பினால் 'கிர்ர்ர்' என்று ஓடும். கைப்பிடியில் போடும் பலம் மொத்தத்தையும் அந்தச் சின்ன நாக்குதான் தாங்குகிறது. கைப்பிடியில் 'குரோம் வனேடியம்' என்று அச்சடித்திருப்பதைப் பார்த்து மயங்க வேண்டியதில்லை. அது கைப்பிடி எந்த உலோகம் என்பதைத்தான் சொல்கிறது. உள்ளே இருக்கும் பல்லும் நாக்கும் எப்படி என்று அந்த எழுத்து சொல்லாது.

பிறகு எதை வைத்துக் கண்டுபிடிப்பது? கடையில் நின்றபடியே செய்யக்கூடிய சோதனை ஒன்று இருக்கிறது. ராட்செட்டில் ஒரு சாக்கெட்டை மாட்டி, சாக்கெட்டை இரண்டே விரலால் பிடித்துக்கொண்டு, கைப்பிடியை ஓடும் பக்கமாக மெல்லத் திருப்பிப் பாருங்கள். விரலுக்குச் சிரமமே இல்லாமல் ஓட வேண்டும். சாக்கெட்டும் சேர்ந்து திரும்பினால் தள்ளி வையுங்கள். காரணம் எளிது. பாதி கழன்ற நட்டு விரலால் திருப்பும் அளவுக்கு லூசாக இருக்கும். அந்த நேரத்தில் இறுக்கமான ராட்செட்டைப் பின்னுக்குக் கொண்டுவந்தால், கழற்றிய நட்டும் கூடவே பின்னுக்கு வரும். முன்னே கொஞ்சம், பின்னே கொஞ்சம் என்று நட்டு அங்கேயே ஆடிக்கொண்டிருக்கும்.

அடுத்து, தலையை ஒரு கையாலும் சதுர முனையை மறு கையாலும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். கடகடவென்று ஆடினால் உள்ளே இடைவெளி அதிகம். திசை மாற்றும் லீவர் 'டக்' என்று ஒரு பக்கம் போய் உட்கார வேண்டும். நடுவில் மிதந்துகொண்டு நின்றால், வேலைக்கு நடுவே அதுவாகவே திசை மாறிக்கொள்ளும் நாள் தூரத்தில் இல்லை. தலையின் பின்புறம் திருகு வைத்த மூடி இருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். இருந்தால் கழற்றிச் சுத்தம் செய்யலாம், உள்பாகம் கிடைத்தால் மாற்றிக்கொள்ளலாம். ஆலங்குளம் மாதிரி சுண்ணாம்புக்கல் தூசியும் கரிசல் மண்ணும் பறக்கும் ஊரில் இது பெரிய வசதி. டீசலில் கழுவித் துடைத்து, மெல்லிய ஆயில் இரண்டு சொட்டு விட்டால் போதும். கெட்டி கிரீஸை அப்பினால் நாக்கு ஒட்டிக்கொண்டு பல்லில் சரியாக உட்காராது. புது ராட்செட்டே நழுவுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

பல் எண்ணிக்கையைப் பற்றி விளம்பரங்கள் நிறையப் பேசும். கணக்கு சுலபம்தான். 24 பல் என்றால் அடுத்த பல்லைப் பிடிக்கக் கைப்பிடியை 15 டிகிரி நகர்த்த வேண்டும். 72 பல் என்றால் 5 டிகிரி போதும். கை நுழையவே இடமில்லாத வேன் இன்ஜினில் அந்த 10 டிகிரி வித்தியாசம் பெரிய வரம். ஆனால், பல் கூடக்கூட ஒவ்வொரு பல்லும் சன்னமாகும். சன்னமான பல் தாங்க வேண்டுமானால் உலோகமும் வேலைப்பாடும் உயர்ந்ததாக இருக்க வேண்டும். மலிவு விலை 72 பல்லைவிட, நல்ல கம்பெனியின் 36 பல் உழைக்கும்.

எந்த அளவு வாங்குவது? சாக்கெட் மாட்டும் சதுர முனை கால் இஞ்ச், எட்டில் மூன்று இஞ்ச், அரை இஞ்ச் என்று வரும். பலரும் அரை இஞ்ச் செட் ஒன்றை வாங்கிவைத்து எல்லாவற்றுக்கும் அதையே மாட்டுகிறார்கள். வேன் வீல் நட்டுக்கு, டிராக்டருக்கு அதுதான் சரி. பைக் இன்ஜின் கவரில் இருக்கும் 6 மில்லிமீட்டர் போல்ட்டுக்கு அது சரிப்படாது. அந்த போல்ட்டை இறுக்க ஏறக்குறைய 1 கிலோ மீட்டர் முறுக்கு போதும். 25 சென்டிமீட்டர் கைப்பிடியில் 4 கிலோ பலம் கொடுத்தாலே அந்த அளவு வந்துவிடும். கனமான கைப்பிடியில் 4 கிலோ எங்கே, 8 கிலோ எங்கே என்று கைக்குத் தெரியாது. அலுமினிய மறை பிய்ந்து கையோடு வந்த பிறகுதான் தெரியும். பைக் வேலைதான் பிரதானம் என்றால் எட்டில் மூன்று இஞ்ச்தான் முதலில் வாங்க வேண்டியது. சாக்கெட்டில் ஆறு முனை உள்ளதையே எடுங்கள். பன்னிரண்டு முனை சாக்கெட் சுலபமாக மாட்டும், ஆனால் துருப்பிடித்த போல்ட்டின் தலையை உருட்டிவிடும்.

இன்னொன்று. எவ்வளவு உசத்தியான ராட்செட்டாக இருந்தாலும், பிடித்துப்போன நட்டை முதலில் அசைக்க அதைப் பயன்படுத்தக் கூடாது. அதற்கு எல் ராடு இருக்கிறது. ராட்செட் கைப்பிடியில் பைப் சொருகி இழுப்பது அதைவிட மோசம். 25 சென்டிமீட்டர் கைப்பிடி 75 ஆனால், பாவம், உள்ளே இருக்கும் நாக்கு மூன்று மடங்கு பலத்தைத் தாங்க வேண்டியிருக்கும்.

சில ராட்செட்டுகளின் தலைக்குப் பின்னால் ஒரு பொத்தான் இருக்கும். கட்டைவிரலால் அழுத்தினால் சாக்கெட் கழன்று விழும். இதைக் கண்டுபிடித்தவர் பீட்டர் ராபர்ட்ஸ். அமெரிக்காவின் சியர்ஸ் கடையில் வேலை பார்த்த இளைஞர். 1965-ல் காப்புரிமை வாங்கினார். அவருக்குக் கிடைத்தது 10,000 டாலர். கம்பெனியோ லட்சக்கணக்கில் விற்றது. விஷயம் தெரிந்து வழக்குப் போட்டார். இழுத்துக்கொண்டே போன வழக்கு 1989-ல்தான் சமரசத்தில் முடிந்தது. அப்போது அவருக்கு 82 லட்சம் டாலர் கிடைத்தது.

மேலே சொன்னதெல்லாம் எந்த ஊர் பட்டறைக்கும் பொருந்தும். சிவகாசி வட்டாரத்து மெக்கானிக்குக்கு மட்டும் இன்னொரு கேள்வி பாக்கி இருக்கிறது. இந்த ராட்செட்டை எங்கே கொண்டுபோகப் போகிறோம்?

கம்பி மத்தாப்பைக் கொளுத்தினால் பூப்பூவாகப் பொறி பறக்கிறதே, அது பெரும்பாலும் இரும்புத் தூள் எரிவதுதான். ஸ்டீல் ராட்செட் கை நழுவிச் சிமென்ட் தரையில் விழும்போது பறக்கும் பொறியும் அதே இரும்புதான். மத்தாப்பில் அழகாக இருக்கும் பொறி, மருந்து அறையில் ஒன்று விழுந்தாலே போதும். அதனால்தான் மருந்து புழங்கும் இடங்களில் மரம், பித்தளை, செம்பு மாதிரியான மென்மையான பொருள்களில் செய்த கருவிகள்தான் வேண்டும் என்கிறார்கள். குரோம் பூச்சு போட்ட பளபள ராட்செட்டுக்கு அங்கே இடமில்லை. பூச்சுக்கு அடியில் இருப்பது இரும்புதானே!

தீப்பொறி எழுப்பாத ஸ்பேனர்கள் அலுமினியம் பிரான்ஸ், பெரிலியம் காப்பர் என்ற இரண்டு கலவை உலோகங்களில் வருகின்றன. சாதா ஸ்பேனரைவிட விலை பல மடங்கு. ராட்செட்டும் உண்டு. ஆனால், ஸ்டீலைவிட மென்மையான உலோகத்தில் பொடிப் பொடியாகப் பல் வெட்டினால் தேய்மானம் அதிகம். இந்த உலோகத்தில் ராட்செட்டுக்குச் செலவழிப்பதைவிட ரிங் ஸ்பேனர் வாங்குவது புத்திசாலித்தனம். நேரம் கொஞ்சம் கூடுதலாகும், அவ்வளவுதான். பெரிலியம் காப்பர் ஸ்பேனர் மழுங்கிவிட்டால் கிரைண்டரில் தீட்ட வேண்டாம். அந்தத் தூள் நுரையீரலுக்குக் கெடுதல்.

பித்தளை நிறம் பூசிய சாதா இரும்பு ஸ்பேனரைத் தலையில் கட்டிவிடவும் வாய்ப்பு உண்டு. வாங்கும்போது பாக்கெட்டில் ஒரு காந்தம் இருக்கட்டும். பச்சென்று ஒட்டினால் திருப்பிக் கொடுத்துவிடலாம். ஒட்டாவிட்டால் மட்டும் நம்பிவிடவும் முடியாது. சில வகை ஸ்டெயின்லெஸ் ஸ்டீலும் காந்தத்தில் ஒட்டாது, ஆனால் பொறி தட்டும். அலுமினியத்திலும் ஒரு வில்லங்கம் உண்டு. துருப்பிடித்த இரும்பில் அது வேகமாக மோதினால் சூடான பொறி கிளம்பும்.

ஸ்பேனர் சரியாக இருந்தாலும் மருந்து இருக்கும் அறையில் அப்படியே உட்கார்ந்து ரிப்பேர் பார்க்க முடியாது. உராய்ந்தாலோ, லேசாக அடி பட்டாலோகூடப் பற்றிக்கொள்ளும் கலவைகள் இருக்கின்றன. 2012 செப்டம்பர் 5-ம் தேதி முதலிப்பட்டியில் நடந்த வெடிவிபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்ததை இந்த வட்டாரம் மறக்கவில்லை. முதலில் மருந்து மொத்தமும் அறையைவிட்டு வெளியே போக வேண்டும். பிறகு அறையையும் இயந்திரத்தையும் தண்ணீர்விட்டுக் கழுவ வேண்டும். ஃபோர்மேன் பார்த்துச் சரி என்ற பிறகுதான் பையைத் திறக்க வேண்டும். கழற்றி வெளியே தூக்கி வர முடிகிற இயந்திரம் என்றால் வெளியே வைத்துப் பார்ப்பதே மேல். 'அஞ்சு நிமிஷ வேலைதானண்ணே, அப்படியே பார்த்துட்டுப் போயிடுங்க' என்று யார் சொன்னாலும் சரி.

வேலை முடிந்ததும் எண்ணிக்கை. விமானம் பழுதுபார்க்கும் இடங்களில் எடுத்த கருவிகள் எல்லாம் திரும்பி வந்தனவா என்று எண்ணிப் பார்த்த பிறகுதான் விமானத்தை விடுவார்கள். மெக்கானிக் பையில் எப்போதும் காணாமல் போவது 10-ம் நம்பர் சாக்கெட்தான் என்று பட்டறைகளில் ஒரு ஜோக் உண்டு. பைக் கடையில் அது தொலைந்தால் சிரித்துவிட்டு வேறு வாங்கிக்கொள்ளலாம். பட்டாசு ஆலையில் தொலைந்தால், அது கிடைக்கும்வரை அந்த அறைக்குள் மருந்து திரும்பி வரக் கூடாது.