நடுமுற்றத்து மழை



மாரி தொடங்கினால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அம்மம்மா வீட்டு நடுமுற்றம்தான். நாலு பக்கக் கூரையும் உள்ளே சரிந்திருக்கும். மூலைப் பீலியின் வாயில் ஒரு கயிறு கட்டித் தொங்கும். மழைத்தண்ணீர் அந்தக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு சிந்தாமல் கிடாரத்துக்குள் இறங்கும். “பருப்பு அவிக்க இந்தத் தண்ணிதான் வேணும்” என்பார் அம்மம்மா.

ஏன் என்று எனக்குப் பிறகுதான் விளங்கியது. யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணாம்புக்கல் பூமி. அதில் ஊறிவரும் கிணற்றுத்தண்ணீரில் பருப்பு அவிய நேரமெடுக்கும், கேத்திலின் அடியிலும் வெள்ளையாய்ப் படியும். மழைத்தண்ணீரில் பருப்பு கெதியாய் அவிந்துவிடும். ஒரு துண்டுக் கயிறு எத்தனை விறகை மிச்சம் பிடித்திருக்கும்!

இப்படி முற்றத்தைச் சுற்றி நாலு பக்கமும் கட்டிய நாற்சார் வீட்டில் எதையும் சும்மா வைக்கவில்லை. கூரைக்கு வைரம் பாய்ந்த பனையில் கைமரமும் சிலாகையும் போட்டார்கள். அதைக் கறையான் இலேசில் தொடாது. சுவருக்கு நம் நிலத்துக் கல், சுட்ட சுண்ணாம்பு. முற்றத்தில் நெல்லும் மிளகாயும் காயும். சூடான காற்று அந்த முற்றத்தின் வழியே மேலே போய்விடும். உள் விறாந்தையில் பாயை விரித்தால் மத்தியான நித்திரைக்கு ஃபேன் தேவையில்லை.

வீட்டின் குணம் தெருவிலேயே தெரியும். வாசலில் சங்கடப்படலைக்குக் கூரை போட்டது வழிப்போக்கர் வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்கத்தான். பருத்தித்துறைத் தெருமூடி மடத்தைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. அங்கே தெருவுக்கே கூரை போட்டு, இரு பக்கமும் இருந்து இளைப்பாறத் திண்ணை கட்டியிருக்கிறார்கள்.

இந்த வீடுகள் எந்தக் காசில் எழும்பின? சில புகையிலைத் தோட்டக் காசில், சில மலேயாவில் உழைத்த காசிலும் பென்சனிலும். ஆனால் வீடு கைமாறியது பெரும்பாலும் பெண்வழியில். 1707இல் ஒல்லாந்தர் காலத்தில் எழுத்தில் பதிவான தேசவழமையின்படி தாயின் சீதனம் மகள்மாருக்கு. அம்மம்மா வீடு என்று நாம் வாய் நிறையச் சொல்வது அதனால்தான்.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். 1990இல் போரால் வலிகாமம் வடக்கு வெறுமையானது. 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமமே இடம்பெயர்ந்து தென்மராட்சிப் பக்கம் நடந்தது. பல வருடம் கழித்துக் காணி திரும்பக் கிடைத்தபோது, கிணற்றை வைத்துத்தான் தங்கள் வளவை அடையாளம் கண்டவர்கள் எத்தனை பேர்!

போருக்குத் தப்பிய வீடுகளை இப்போது நாங்களே இடிக்கலாமா?

இடிப்பவர்களை நான் குறை சொல்லவில்லை. பங்காளிகள் ரொறன்ரோவிலும் லண்டனிலும். ஓடு மாற்ற ஆள் கிடைப்பதில்லை. வயதான அம்மாவுக்கு அறையோடு சேர்ந்த பாத்ரூம் வேண்டும். எல்லாம் நியாயமான காரணங்கள்தான். ஆனால் பாத்ரூமைப் பின்பக்கம் சேர்த்துக் கட்டலாமே? அதற்காக முழு வீட்டையும் இழக்க வேண்டுமா?

ஒரு வீட்டைக் காக்க எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு ஓர் உதாரணம். கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா கொழும்பில் ஏனா டி சில்வாவுக்காக ஒரு நடுமுற்ற வீட்டை 1962இல் கட்டி முடித்தார். பின்னாளில் அது இருந்த காணி விற்கப்பட்டது. ஆனாலும் வீட்டைக் கைவிடவில்லை. 2009இல் பகுதி பகுதியாகக் கழற்றத் தொடங்கி, பெந்தோட்டையில் பாவாவின் லுணுகங்கா தோட்டத்துக்குக் கொண்டுபோய் மீண்டும் கட்டினார்கள். 2016இல் அது திறக்கப்பட்டது. நம்மால் அவ்வளவு முடியாதுதான். முடிந்ததைச் செய்யலாம் அல்லவா?

இடிக்கத்தான் வேண்டுமென்றால், முதலில் ஒரு நாள் டேப் பிடித்து வீட்டை அளந்து கொப்பியில் வரையுங்கள். வீட்டில் மூத்தவரை ஒவ்வோர் அறையாக நடக்கவிட்டு, அவர் சொல்வதை ஃபோனில் பதியுங்கள். கதவு நிலைகளைப் பழைய மர விலைக்குக் கொடுத்துவிடாமல் புது வீட்டில் பொருத்துங்கள். அந்தப் புது வீட்டிலும் வானம் தெரிய ஒரு சின்ன முற்றம் விடுங்கள்.

வீடு இன்னும் நிற்கிறதா? அப்படியென்றால் மாரிக்கு முன் ஒருவரைக் கூரையில் ஏற்றிப் பாருங்கள். ஓர் ஓடு விலகினால் சிலாகை ஊறும், பிறகு கைமரம், பிறகு சுவர். பழைய வீடுகள் பல விழுந்தது இப்படி ஒற்றை ஓட்டில் தொடங்கித்தான். அந்த ஓட்டைச் சரிசெய்ய ஒரு காலைப் பொழுது போதும்.

அப்படியே பீலியில் ஒரு கயிறும் கட்டிவிடுங்கள். பருப்பு அவியும் வித்தியாசத்தை உங்கள் பிள்ளைகள் பார்க்கட்டும்.

அன்புடன்,
ஆசிரியர்