கதவு மட்டும் மரபாகுமா?

காரைக்குடியின் பழம்பொருட் கடைகளில் இன்று நிலைக்கதவுகள் விலைக்கு நிற்கின்றன. பர்மாத் தேக்கில் திருமகளைச் செதுக்கிய அவை ஒரு காலத்தில் செட்டிநாட்டு வீடுகளின் முகப்பில் நின்றவை. பர்மா, மலாயா, சிங்கப்பூர் ஆகிய நாடுகளில் வட்டித் தொழிலால் ஈட்டிய செல்வமே அவ்வீடுகளாக எழுந்தது. இரண்டாம் உலகப் போரும் பர்மாவின் நில நாட்டுடைமையும் அச்செல்வத்தைக் குலைத்தன. பங்காளிகள் பெருகினர், பேணுவாரற்ற வீடுகள் பல இடிக்கப்பட்டன, கதவுகள் கடைக்கு வந்தன.

இல்லத்தை அழகுசெய்ய அமர்த்தப்படும் ஒப்பனையாளர் அத்தகைய கதவொன்றை வரவேற்பறைச் சுவரில் சாய்த்து, ‘மரபு’ எனப் பெயரிடுகிறார். எவரையும் வரவேற்காத கதவு மரபாகுமா?

வாங்குவோர் இல்லையேல் அது விறகாகியிருக்கும் என்பர் சிலர். இடிந்த வீட்டின் கதவுக்கு அவ்வாதம் பொருந்தும். கதவின் விலையே வீட்டை இடிக்கத் தூண்டுமாயின் பொருந்துமா?

நூறாண்டு கடந்த கலைப்பொருள்களைத் தனியார் ஏற்றுமதி செய்வதை இந்தியாவின் 1972ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. ஆதலின், ஒப்பனையாளரைத் தேர்வோர் அவர் முடித்த அறைகளின் அழகை மட்டும் நோக்குதல் போதாது. பொருள் வந்த வழியை அவர் சொல்ல வல்லவரா என்றும் ஆராய்தல் வேண்டும். விலையைக் கேட்குமுன் வரலாற்றைக் கேட்க வேண்டும். விடை கிடைக்காதபோது, வாங்காது திரும்புவதே மரபைப் போற்றுவதாகும்.